வாயாடியின் கைகள்

பிறவியிலேயே காது கேளாத ஒரு மனிதருக்கு ‘வாயாடி’ என்று பட்டப்பெயர் வைத்தது அவருடைய மைத்துனன்தான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு விருந்துக்கு வந்தவர், தட்டில் கை வைக்காமல், வரும் வழியில் பஸ்ஸில் ஒரு பெரியவருக்கும் கண்டக்டருக்கும் நடந்த சண்டையை இரண்டு கைகளாலும் நடித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். பெரியவரின் நடுங்கும் தாடை, கண்டக்டரின் தொங்கும் தோல்பை, நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிய ஒரு பெண்மணி என்று அத்தனை பேரும் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டார்கள். சாப்பாடு ஆறி அவலாய்ப் போனது.

“அக்கா, உன் வீட்டுக்காரர் சரியான வாயாடிக்கா. இந்தக் கை சும்மா இருந்தாத்தானே சோறு உள்ள போகும்!” என்றான் தம்பி.

அவள் அதைச் சைகையில் கணவருக்குச் சொன்னாள். அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்குக் காது கேட்கும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தோழிக்குக் காது கேளாது; அவளோடு விளையாடி விளையாடியே சைகை பழகிவிட்டாள். அந்தத் தோழியின் கல்யாணத்தில்தான் இவரைப் பார்த்தாள். மண்டபத்தின் மறுகோடியிலிருந்து, அத்தனை கூட்டத்துக்கும் மேலாகக் கையை உயர்த்தி, “அந்த நாற்காலியில உட்காராதே, ஒரு கால் ஆடுது” என்று சொன்னார். அதுதான் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து மாலைவரை நோயாளிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு வீடு திரும்புவாள். கார், வேன் இருக்கைகளுக்கு உறை தைத்து மாட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. அவள் வந்து சற்று நேரத்தில் அவரும் வருவார். செருப்பைக் கழற்றும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். சமையலறை வாசலில், அவள் பார்வை படும் இடமாகப் பார்த்து நின்றுகொள்வார். அவள் அடுப்பைப் பார்ப்பாளா, அவர் கையைப் பார்ப்பாளா? எத்தனையோ முறை தாளிப்பு கருகியிருக்கிறது. “நான் கத்தி பிடிச்சிருக்கும்போது மட்டும் பேசாதே” என்று ஒரு சட்டமே போட்டிருந்தாள். சைகையில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. ஒரு சுட்டுவிரல்தான். அதனால் அவர்களுக்குள் மரியாதை எப்படி என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

அவளுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். சிரித்தால் அவள் கன்னத்தில் குழி விழும். கட்டைவிரலைத் தன் கன்னத்தில் அழுத்தி, திருகாணியைத் திருகுவதுபோல அரைச் சுற்றுச் சுற்றுவார். அதுதான் அவள். உலகத்தில் வேறு யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. மகள்கூட ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். அந்தச் சமயத்தில்தான் அவருடைய பேச்சு குறைய ஆரம்பித்தது.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு பார்த்தால், வந்ததும் நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். பட்டறையில் என்ன நடந்தது என்று கேட்டால் “ஒண்ணுமில்லே” என்று உள்ளங்கையை ஒருமுறை விரிப்பார். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் காலால் தரையைத் தட்டுவார், இல்லையென்றால் விளக்கை அணைத்துப் போடுவார். ஒருநாள் அவள் சமையலறையில் நிற்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. ‘டீ.’ அடுத்த அறையிலிருந்து அவர் அனுப்பியது.

அவள் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மெசேஜா? என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலையா?”

அவர் அவள் கையைப் பார்த்தார். பதில் சொல்ல வலது கை பாதி தூரம் எழும்பியது. பிறகு மடியிலேயே இறங்கிவிட்டது.

மகள் வீடியோவில் பேசும்போதும் இதே கதை. “சாப்பிட்டியா, நல்லாயிரு” என்று முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். “அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா? அப்பா ஏன் தந்தி அடிக்கிற மாதிரி பேசுறாரு?” என்று மகள் கேட்டாள். அவள் ஏதோ சொல்லி மழுப்பினாள். என்ன என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு! ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதோர் சங்கத்துக்குப் போவதையும் அவர் நிறுத்திவிட்டார். அங்கே அவரைச் சுற்றி எப்போதும் ஒரு வட்டம் நிற்கும். பின்னால் நிற்பவர்கள் நாற்காலிமேல் ஏறிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் இப்போது ஞாயிறு முழுக்கப் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தார்.

பகலெல்லாம் ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், வீடு சத்தமில்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். ஆனால் பேச்சில்லாமல் இருந்ததில்லை. முன்பெல்லாம் அலுத்துக்கொண்டே பார்த்த கதைகளுக்காக இப்போது மனசு ஏங்கியது. மெஷினில் விரலைக் கொடுக்கப் பார்த்த முதலாளியின் மச்சான், இருக்கையின் இடுக்கில் யாரோ தொலைத்த பல்செட், எதுவாக இருந்தாலும் சரி. பஸ்ஸில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைகளை நினைத்துப் பார்ப்பாள். பக்கத்திலேயே இருக்கிற மனிதருக்காக ஒருத்தி இப்படி ஏங்குவாளா என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் விடிகாலை கண் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. குளியலறையில் விளக்கு எரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. வாளியில் வெந்நீர் ஆவி பறந்தது. அவர் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அதில் அமிழ்த்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு துடைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். வலது கையை உயர்த்தி, கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்து அழுத்தித் திருகினார். முகம் கோணியது. கையை உதறிக்கொண்டார். மறுபடியும் வைத்தார். மறுபடியும் பாதியில் நின்றது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் அவர் துள்ளிவிட்டார். கட்டைவிரலின் அடியில் எலும்பு புடைத்து, சதுரமாக ஒரு மேடு தட்டியிருந்தது. விரல் நுனி மூட்டுகளில் பட்டாணி போலச் சின்னச் சின்ன முடிச்சுகள். தினமும் பார்க்கும் கைதான். பேச்சைப் பார்த்தாளே தவிர, கையைப் பார்த்ததே இல்லை.

“எத்தனை நாளா?”

“ரொம்ப நாளா” என்றார். “வயசு. வேறென்ன?”

“ஏன் சொல்லலே?”

அவர் லேசாகச் சிரித்தார். “சொல்றதுக்கும் கைதானே வேணும்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல வந்தன.

எலும்பு மருத்துவர் அவருடைய கட்டைவிரலின் அடியை அமுக்கி, மெல்லச் சுழற்றிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி விளக்கினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சைகையில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“கட்டைவிரலும் மணிக்கட்டும் சேர்ற இடம் இது. ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும். அது தேஞ்சுபோச்சு. விரல் நுனியில இருக்கிற முடிச்சும் அதே தேய்மானம்தான்.”

“மெத்தைன்னா என் தொழில்தானே. மாத்தித் தைக்க முடியாதான்னு கேளு” என்றார் அவர்.

அவள் கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். “தேஞ்சது திரும்ப வளராதுங்க. ஆப்பரேஷன் இருக்கு, ஆனா அது கடைசிக்கு. இப்போதைக்கு வலியைக் குறைச்சு, கையை நல்லா வச்சுக்கப் பாக்கலாம். தடவ ஒரு ஜெல் தர்றேன். வேலை செய்யும்போது கட்டைவிரலை அசையாமப் பிடிச்சுக்க ஒரு பட்டை போட்டுக்கணும். கொஞ்ச நாள் கைக்கு ரெஸ்ட் குடுங்க.”

கடைசி வாக்கியத்துக்கு அவள் கை எழவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“என்ன சொன்னாரு?”

“கையைச் சும்மா வச்சுக்கணுமாம்.”

“அப்ப பேசக் கூடாதா?”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன கேக்குறாரு?”

“இனிமே பேசக் கூடாதான்னு கேக்குறாரு, டாக்டர்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவளிடம் சொல்லாமல் நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “தப்பாச் சொல்லிட்டேன். இறுக்கிப் பிடிக்கிறது, திருகுறது, இழுக்குறது, இதுக்குத்தான் ரெஸ்ட். பேச்சுக்கு இல்ல. பேசுங்க. அசைக்காமலே வச்சிருந்தா மூட்டு இன்னும் இறுகிப்போகும். வலி அதிகமானா நிறுத்திக்கங்க, அவ்வளவுதான்.”

கைப்பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் இருந்தாள். முதல் நாளே உருக்கிய மெழுகுத் தொட்டியில் அவருடைய கைகளை முக்கி முக்கி எடுத்து, மெழுகு உறை போலப் படிந்ததும் துண்டால் சுற்றி வைத்தாள். சூடு இறங்கும்வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். “இதுதான் சமயம், உங்க குறையெல்லாம் சொல்லித் தீர்த்துடுங்க, அவரால எதிர்த்துப் பேச முடியாதுன்னு என்கிட்ட சொல்றா இந்தப் பொண்ணு” என்று அவள் கணவருக்குச் சைகையில் மொழிபெயர்த்தாள். அவர் கண்களாலேயே முறைத்தார். அந்தப் பெண்ணுக்கு ‘மெழுகு’ என்று பெயர் வைத்துவிட்டார்.

மெழுகுப் பெண் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். விரல்களை மெதுவாக மடக்கி விரிப்பது. கட்டைவிரலை ஒவ்வொரு விரல் நுனியோடும் சேர்த்து வட்டம் போடுவது. மூடியைத் திறக்கும்போது விரலால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்துவது. மெல்லிய பிடியெல்லாம் தடித்த பிடியாக மாறவேண்டும் என்றாள். அவர் பட்டறையிலிருந்து நுரைத்துண்டுகளைக் கொண்டுவந்து பல்துலக்கும் பிரஷ், கரண்டி, கத்திரிக்கோல் எல்லாவற்றுக்கும் உறை போட்டார். வீட்டில் இருந்த சாமான்களெல்லாம் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டதுபோல ஆயின. பட்டறை முதலாளியும் நல்ல மனிதர். துணியைக் கட்டைவிரலால் இழுத்து மாட்டும் வேலைக்கு ஓர் இடுக்கி வாங்கிக் கொடுத்தார்.

வலி குறைந்தது. பேச்சு திரும்பவில்லை.

பட்டை போட்ட கையால் பேசினால், வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல எல்லாம் குழறியது. கட்டைவிரல் ஒடுங்கிப்போனதால் ஒரு சொல் இன்னொரு சொல்லாக மாறியது. ஒரு மாலை, முதலாளி புது மெஷின் வாங்கியிருக்கிறார் என்று சொல்ல வந்தார். அவளுக்கு அது ‘முதலாளி குதிரை வாங்கியிருக்கிறார்’ என்று தெரிந்தது.

“குதிரையா? பட்டறைக்குள்ளயா?” என்று கேட்டுவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. பட்டையைப் பிய்த்தெடுத்து மூலையில் வீசினார். அன்று அவளுக்கும் பொறுக்கவில்லை.

“சிரிச்சா என்ன? தப்பாப் புரிஞ்சா திருப்பிச் சொல்லேன்! நீ பேசாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியலே. பகலெல்லாம் யார் யார் பேச்சையோ கேட்டுட்டு வர்றேன். எனக்குக் கேக்க ஆசையா இருக்கிற பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். அதைப் பூட்டி வச்சுக்கிட்டா நான் எங்க போவேன்?”

இவ்வளவு வேகமாக அவள் கையசைத்து அவர் பார்த்ததில்லை. அவர் இடது கையால், மெதுவாக, சொன்னார்.

“வலிக்காக இல்லே. வலியைத் தாங்கிக்கலாம். அரைகுறையாப் பேச வெட்கமா இருக்கு. ஒருத்தன் நான் பேசுறதைப் பார்த்து ‘என்ன சொன்னே?’ன்னு கேட்டதே கிடையாது. சங்கத்துக்கு நான் கடைசியாப் போனப்ப கேட்டாங்க. ஒருத்தர் இல்லே, மூணு பேரு.”

அவள் மூலையில் கிடந்த பட்டையை எடுத்து, தூசி தட்டி, மேஜைமேல் வைத்தாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் மூட்டில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். “சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேட்டாலும் கொஞ்ச நாளைக்குத்தான். அடிக்கடியும் போட முடியாது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கேட்டது. இரண்டு நாள் கழித்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றார். கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்து அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் ஒரு சுற்று. அவள் மடித்த துணி மடியிலிருந்து சரிந்து விழுந்தது. “என்ன?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லே, சும்மா கூப்பிட்டேன்” என்றார்.

அந்த வாரங்களில் அவர் பேசித் தீர்த்தார். சேர்த்துவைத்த பட்டறைக் கதைகளெல்லாம் வரிசையாக வந்தன. தாளிப்பு மறுபடியும் கருகியது. மகள் வீடியோவில் கண் கலங்கச் சிரித்துவிட்டு, “போதும்பா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு” என்று கெஞ்சினாள். இவள் ‘போதும்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்தக் கைகள் காற்றில் வரைந்ததையெல்லாம் கண்ணுக்குள் பத்திரப்படுத்துவதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது இரவல் வாங்கி வந்த கை என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஊசியின் பலன் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் ‘மழை’ என்ற சைகை சின்னதானது. பிறகு ‘பஸ்’ஸின் ஸ்டீயரிங் பாதி வட்டத்தோடு நின்றது. ஒரு காலையில் அவளைக் கூப்பிடக் கன்னத்தருகே கட்டைவிரலைக் கொண்டுபோனவர், தொட்டுவிட்டு, திருகாமல் எடுத்துவிட்டார். பிறகு சுட்டுவிரலை மடக்கி, அதன் கணுவால் கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

“இது யாரு?” என்று அவள் கேட்டாள்.

“நீதான். புதுசு. இதுக்குக் கட்டைவிரல் வேண்டாம்.”

“எனக்குப் பிடிக்கலே. யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு.”

“எனக்கும்தான் பிடிக்கலே” என்றார் அவர். “ஆனா காலால தரையைத் தட்டுறதுக்கு இது மேல் இல்லையா?”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்; ஓரக்கண் மட்டும் அவர்மேல் இருந்தது. அவர் பொறுமையாக மறுபடியும் கன்னத்தில் தட்டினார். அவள் திரும்பினாள். வேறு என்ன செய்வாள்? அந்தப் பெயருக்கும் திரும்பினாள்.

அதன்பிறகு வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்தது. காலையில் வெந்நீர், பயிற்சி, ஜெல். பட்டறையில் பட்டை. வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றிவிட்டுப் பேச்சு. முன்போல ஆறாகப் பெருகவில்லை. இடது கைதான் நிறையப் பேசியது. வலது கை தேவையான இடத்தில் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. வலி கூடும் நாட்களில் அவர் கையை மடியில் வைத்துக்கொள்வார். அவள் பேசுவாள். கண் பரிசோதனைக்கு வந்துவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியையே காணோமென்று மருத்துவமனையைப் புரட்டிய பெரியவரைப் பற்றிச் சொல்வாள். அவளுக்குக் கதை சொல்ல வராது. பாதியில் முடிச்சை அவிழ்த்துவிடுவாள். அவர் தலையில் அடித்துக்கொண்டே பார்ப்பார்.

ஒரு ஞாயிறு காலை, அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் கையை வெந்நீரில் வைத்திருந்தார். சட்டையை மாற்றினார். சங்கத்துக்குப் போகலாமா என்று அவளைக் கேட்டார்.

சங்கத்தின் கூடத்தில் பழைய முகங்கள் எல்லாம் இருந்தன. அவரைப் பார்த்ததும் கைகள் உயர்ந்தன. அவள் வாசலருகே மேஜையில் வைத்திருந்த டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அவரைச் சுற்றி வட்டம் கூடிவிட்டது. முன்பு அவர் தோளுக்கு மேலே கையை வீசிப் பேசுவார், ஆட்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். இப்போது அவர் கை மார்புக்கருகே சின்னதாக அசைவது போலிருந்தது. எல்லோரும் நெருங்கிக் குனிந்து நின்றார்கள். ஒருவர் “என்ன?” என்று கேட்பது தெரிந்தது. அவருடைய தோள் ஒரு கணம் நின்றது. டீ ஊற்றிக்கொண்டிருந்த அவள் கையும் நின்றது. பிறகு தோள் மறுபடியும் அசைந்தது. திருப்பிச் சொல்கிறார்.

அவளுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. என்ன கதை என்று புரியவில்லை. எதிரே நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். ஒருவர் கண்ணைச் சுருக்கினார். ஒரு பெண் வாயைப் பொத்தினாள். ஓரத்தில் நின்ற பெரிய உடம்புக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கதை அந்த முகங்களில் ஏறி இறங்கியது. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை தாங்கவில்லை. டீயை மேஜையில் வைத்துவிட்டு, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அந்தப் பெரிய உடம்புக்காரரின் தோளைத் தட்டினாள்.

“கொஞ்சம் நகருங்க. எனக்குத் தெரியலே.”